தாத்தாவின் துப்பாக்கி, டின்னில் 40 பழைய தோட்டா: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

மெட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கம்பம்மெட்டு. ஏலத்தோட்டம் வண்டன்மேடு பக்கம். தாத்தா வாங்கிய ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது, பார்க்க அப்படியே போலீஸ்காரர்கள் வைத்திருந்த த்ரீ நாட் த்ரீ (.303) மாதிரி. அப்பா காலமான பிறகு லைசென்ஸ் போன வருஷம்தான் என் பெயருக்கு மாறியது. அதற்குள் பைனாவு கலெக்டர் ஆபீஸுக்கு ஏழு நடை.

காட்டுப்பன்னி கப்பைக் கிழங்கில் ஒரு வரிசை விடாமல் தோண்டிப் போட்டுவிட்டது. 2022 மே மாதம் கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்தார்களே, லைசென்ஸ் வைத்திருப்பவர்களை பேனலில் சேர்த்து ஊருக்குள் வரும் பன்னியைச் சுடலாம் என்று, அதில் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். சரி என்று துப்பாக்கியை எடுத்துத் துடைத்தேன். உரக்கொட்டகைப் பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடந்தது. உள்ளே 40 தோட்டா, தாத்தா காலத்தது.

தோட்டா விற்கும் விலைக்கு இதை வீணாக்க மனசு வரவில்லை. போட்டுச் சுடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹவில்தார் அய்யா | ஞாயிறு, இரவு 9.40

தம்பி, முதலில் டின்னை மூடி வை. துப்பாக்கிப் பக்கத்தில் வைக்காதே.

இப்போது மூன்று விஷயம் பார்த்துச் சொல். குழல் ஆரம்பிக்கும் இடத்தில், தோட்டா அறைக்கு மேலே என்ன எண் அடித்திருக்கிறது? தோட்டாவின் அடிப்பக்கத்தில் கேப்பை (ஊசி அடித்துத் தீப்பிடிக்கும் சின்ன மூடி) சுற்றி என்ன எழுத்து? லைசென்ஸ் புத்தகத்தில் என்ன போர் (bore, குழலின் உள்ளளவு) போட்டிருக்கிறார்கள்? பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிடு. த்ரீ நாட் த்ரீயின் லீ என்ஃபீல்டு உடம்பில் எத்தனையோ வேறு குழல் உண்டு.

சின்னமனூர் சிங்கம் | ஞாயிறு, இரவு 9.55

எதுக்கு இவ்வளவு பேச்சு? தென்னை மரத்தில் கட்டி, கயிறு போட்டு இழுத்துப் பாருங்கண்ணே. வெடிச்சா மரம் போகும், வெடிக்கலைன்னா மீதி 39 மிச்சம் 😄

ஹவில்தார் அய்யா | ஞாயிறு, இரவு 10.03

சிங்கம், ஒரு தோட்டா சரியாகப் போனால் அந்த ஒன்று சரி என்று மட்டும்தான் அர்த்தம். அடுத்தது எப்படி என்று மரம் சொல்லாது.

மெட்டுக்காரன் | திங்கள், காலை 7.20

அய்யா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. குழலில் .315 என்று தெளிவாக அடித்திருக்கிறது, பக்கத்தில் ஆர்.எஃப்.ஐ. லைசென்ஸிலும் .315தான். நாற்பது வருஷமாக வீட்டில் எல்லாரும் "த்ரீ நாட் த்ரீ" என்றே சொல்லிச் சொல்லி நானும் புத்தகத்தைப் படிக்கவே இல்லை.

டின்னில் இரண்டு வகை இருக்கிறது. 27 தோட்டா கொஞ்சம் தடியானவை, முனையில் ஈயம் தெரிகிறது. மீதி 13 கொஞ்சம் ஒல்லி, நீளம் அதிகம், கூர்முனை, முழுக்கச் செம்புநிற உறை. அதன் அடியில் கே.எஃப், 43, பிறகு ரோமன் எழுத்தில் ஏழு. துப்பாக்கி சீரியல் நம்பரும் போடுகிறேன்: [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 7.31

சீரியல் நம்பரை எடுத்துவிட்டேன். பொதுவில் போட வேண்டாம்.

ஹவில்தார் அய்யா | திங்கள், காலை 8.15

நினைத்தேன். ஆர்.எஃப்.ஐ என்றால் ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர், கல்கத்தாவுக்கு வடக்கே. ராணுவத்துக்கு .303 செய்த அதே பட்டறை, அதே லீ என்ஃபீல்டு போல்ட் (அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) அமைப்பு, ஆனால் சிவிலியனுக்கு .315 குழல். காரணம், ராணுவத் தோட்டா போகிற துப்பாக்கி வெளியாள் கையில் இருக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே வைத்த கட்டுப்பாடு. அதனால் ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவின் கூட்டை (பித்தளை உறையை) எடுத்து .315 என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் .303 நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட போர், .315 லைசென்ஸில் கிடைப்பது.

உன் 13 தோட்டா .303 மார்க் 7. கே.எஃப் என்றால் கிர்க்கி, புனே பக்கம். 43 என்பது 1943. அதை உன் ரைஃபிளில் வைத்துக்கூடப் பார்க்காதே.

ஏன் என்று கேட்பாய். மெக்கானிக் யாரிடமாவது வெர்னியர் இருந்தால் வாங்கி அள. .303 கூட்டின் நீளம் 56 மி.மீ., .315 கூடு 50 மி.மீ. அடிப்பகுதித் தடிமன் .303க்கு 11.7 சொச்சம், .315க்கு 12.5. ஆக உன் அறையில் அது பக்கவாட்டில் தொளதொள, நீளத்தில் 6 மி.மீ. அதிகம். கூட்டின் வாய் போய் ரைஃப்ளிங் (குழலுக்குள் இருக்கும் சுருள் வரி) ஆரம்பிக்கும் இடத்தில் முட்டும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று போல்ட்டை உள்ளங்கையால் தட்டி மூடினான் என்றால் கழுத்து குண்டைக் கவ்விப் பிடிக்கும், பிரஷர் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வெடித்தால் கண்ணுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ஜாண்.

மெட்டுக்காரன் | திங்கள், காலை 8.40

நல்லவேளை கேட்டேன் அய்யா. அப்போ மீதி 27 போடலாமா? அது .315தானே?

அருவங்காடு பென்ஷனர் | திங்கள், மாலை 5.30

பெரியவர் போர் பற்றிச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் மருந்து பற்றிச் சொல்கிறேன். குன்னூர் பக்கம் அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரியில் 34 வருஷம் இருந்தவன். இப்போது கூடலூரில் இருக்கிறேன்.

பழைய .303 தோட்டாவைப் பிரித்தால் உள்ளே தூள் இருக்காது. சேவை பிழிந்து காயவைத்து ஒரே அளவாக நறுக்கிக் கட்டிய மாதிரி பழுப்பு நிறக் குச்சிகள் இருக்கும். அதுதான் கார்டைட். (பிரித்துப் பார்க்காதீர்கள். நான் பிரித்தது வேலைக்காக.) நைட்ரோகிளிசரின், துப்பாக்கிப் பஞ்சு, கூடவே 5 சதவீதம் வாசலின் மாதிரி ஒரு ஜெல்லி. குழல் தேயாமல் இருக்கட்டும் என்று சேர்த்த ஜெல்லி, மருந்து கெட்டுப்போகாமலும் காப்பாற்றும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்தக் காப்புக்கு ஆயுள் உண்டு. மருந்து தானாகவே மெல்ல மெல்லச் சிதையும், அமிலம் விடும், அந்த அமிலமே சிதைவை வேகப்படுத்தும். வெயிலில் காயும் தகரக் கூரைக்குக் கீழே பரண் என்றால் சொல்லவே வேண்டாம். புதிய தோட்டாவில் இருப்பது வேறு வகை மருந்து, அதற்கும் சூடு எதிரிதான்.

தம்பி "உரக்கொட்டகை" என்று எழுதியதைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். யூரியா மூட்டை இருக்கிறதா? ஈரம் பட்ட யூரியாவிலிருந்து அம்மோனியா வரும். பித்தளைக்கு அம்மோனியா விஷம். இது நம் நாட்டிலேயே கண்டுபிடித்த நோய். வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைக்கும். மழை முடிந்து எடுத்தால் கூட்டின் கழுத்தில் மயிரிழை மயிரிழையாக விரிசல். சீசனில் வருவதால் சீசன் கிராக்கிங் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்து அம்மோனியாவும், கூடு இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921இல் விளக்கம் வந்தது. கூட்டைச் சூடுகாட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் விரிசல் வராது.

ஆகவே 27ஐயும் வெள்ளைத் துணியில் பரப்பி, பகல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். கழுத்தைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, கேப்பைச் சுற்றிக் கறை இருக்கிறதா, குண்டு கூட்டுக்குள் ஆடுகிறதா என்று பாருங்கள்.

எஸ்டேட் மாமா | திங்கள், இரவு 8.05

எல்லாரும் இப்படிப் பயமுறுத்தினால் எப்படி? பீருமேட்டில் என் அப்பா 70களில் வாங்கிய .315 தோட்டாவை நான் போன வருஷம் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஓலைப்பெட்டியில் நெல்லுக்குள் புதைத்து வைத்திருந்தோம். தோட்டா என்ன தயிரா, புளித்துப்போக?

அருவங்காடு பென்ஷனர் | திங்கள், இரவு 8.50

மாமா, நீங்கள் வைத்த இடம் நல்ல இடம். ஈரமில்லை, சூடில்லை. அப்படி வைத்த தோட்டா ஐம்பது வருஷம் தாண்டியும் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. வயதைவிட வைத்த இடம்தான் பேசும். தம்பி வைத்தது யூரியாவுக்கு மேலே.

ஹவில்தார் அய்யா | திங்கள், இரவு 9.30

மாமா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். கெட்ட தோட்டா எல்லாம் பெரிதாக வெடிக்கும் என்று நினைக்கிறோம். எனக்கு நடந்தது நேர்மாறு.

ரேஞ்சில் ஒரு நாள் பக்கத்தில் படுத்துச் சுட்ட பையனின் தோட்டா "படார்" என்பதற்குப் பதில் "பொத்" என்றது. தயிர்ச்சட்டி மூடியைத் திறந்த மாதிரி சத்தம். தோளில் உதையே இல்லை. அவன் போல்ட்டை இழுத்துக் கூட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றப் போனான். நான் கத்தி நிறுத்தினேன். போல்ட்டைக் கழற்றிப் பின்னாலிருந்து பார்த்தால் குழலில் வெளிச்சமே இல்லை. குண்டு பாதி வழியில் சிக்கி நிற்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அது போய் முன்னதில் மோதி, குழல் பாம்பு எலியை விழுங்கிய மாதிரி உப்பியிருக்கும். இல்லாவிட்டால் பிளந்திருக்கும். ஒரு முறை எல்லாருக்கும் முன்னால் அப்படியே உப்பின குழலையும் பார்த்திருக்கிறேன். சுட்டவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

இன்னொன்று. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதே. குழலை இலக்கைப் பார்த்தே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நில். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. திறந்த போல்ட்டில் வெடித்தால் அது உன் முகத்தில்தான் முடியும். பழைய கேப், ஈரமேறின மருந்து என்றால் இதுதான் வழக்கம்.

ஹூஸ்டன் போடிக்காரன் | செவ்வாய், காலை 6.10

நானும் கலந்துகொள்கிறேன், இங்கே எங்களுக்குச் சட்டம் வேறு. பழைய ராணுவ ரைஃபிள்கள் கடையில் கிடைக்கும், அதனால் குழப்பமும் அதிகம். என்னிடம் ஒரு இஷாப்பூர் 2ஏ1 இருக்கிறது. நம்மூர்ச் சரக்கு டெக்சாஸில். 1962 சீனப் போருக்குப் பிறகு .303ஐ விட்டு 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாறின காலத்தில் நல்ல எஃகில் புதிதாகச் செய்தது, 12 தோட்டா மேகசின். பழைய .303ஐ மாற்றினது என்று இங்கே பல பேர் நினைக்கிறார்கள், தவறு.

கேள்வி: இதில் கடையில் விற்கும் .308 வின்செஸ்டர் போடலாமா? ஒருவர் நேட்டோ தோட்டாவின் பிரஷர் 50,000, .308 தோட்டாவின் பிரஷர் 62,000, அதனால் வெடிக்கும் என்கிறார். இன்னொருவர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

ஹவில்தார் அய்யா | செவ்வாய், காலை 9.00

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அந்த 50,000மும் 62,000மும் வேறு வேறு முறையில் அளந்தவை. ஒன்று படி, மற்றது லிட்டர். எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது. பார்க்க வேண்டியது ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டை மூடினபின் அறைக்குள் தோட்டாவுக்கு முன்பின்னாக இருக்கும் இடம். ராணுவத் துப்பாக்கியின் அறை கொஞ்சம் நீளமாக விட்டிருப்பார்கள், சேறு மண் பட்டாலும் மூட வேண்டும் அல்லவா. ராணுவக் கூடும் தடியாக இருக்கும். கடைத் தோட்டாவின் கூடு மெல்லியது, நீண்ட அறையில் இழுபட்டு அடிப்பக்கம் பிய்ந்துகொள்ளலாம். லீ என்ஃபீல்டில் போல்ட் பூட்டுவது பின்பக்கத்தில், சுடும்போது எல்லாமே கொஞ்சம் இழுபடும். அங்கே துப்பாக்கி மெக்கானிக் தாராளமாகக் கிடைப்பாரே, அளந்து பார்க்கச் சொல். அதுவரை 7.62 நேட்டோ என்று அடித்த தோட்டாவே போதும்.

ஹூஸ்டன் போடிக்காரன் | செவ்வாய், இரவு 7.45

நன்றி அய்யா. இங்கே அடிக்கடி கேட்கும் இன்னும் இரண்டு கதையையும் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கு உதவும். 8 மி.மீ. மௌசர் என்று ஒரே பெயரில் இரண்டு குழல் உண்டு. ஜெர்மன்காரர்கள் 1905 வாக்கில் குண்டை .318 அங்குலத்திலிருந்து .323க்கு மாற்றினார்கள். பழைய குழலில் புதிய குண்டைத் திணித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தது அமெரிக்க ஸ்ப்ரிங்ஃபீல்டு 1903. ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000க்குக் கீழே, ராக் ஐலண்டில் 2,85,507க்குக் கீழே சீரியல் இருந்தால் சுட வேண்டாம் என்பார்கள். எஃகைப் பதப்படுத்தும்போது சூட்டைக் கண்ணால் பார்த்தே கணித்ததில் சில துண்டுகள் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மையாகிவிட்டன. அங்கே சரியான தோட்டாவே போட்டாலும் சங்கடம்தான்.

கொழிஞ்சாம்பாறை | செவ்வாய், இரவு 8.20

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் ஒரு வாட்ச்மேன் .410 மஸ்கட் வைத்திருந்தார், அதுவும் த்ரீ நாட் த்ரீ மாதிரியேதான் இருக்கும். கடையில் விற்கும் .410 தோட்டா போகுமா?

ஹவில்தார் அய்யா | செவ்வாய், இரவு 8.45

அது ஜெயில், காவல் வேலைக்கென்று இஷாப்பூரில் செய்தது. அதற்கென்று தனித் தோட்டா, .303 கூட்டையே கழுத்துச் சுருக்காமல் நேராக விட்டது. கடை .410 அதில் ஒழுங்காக உட்காராது. யாரோ அறையைக் குடைந்து பெரிதாக்கியிருந்தால் உட்காரும், ஆனால் குடைந்தவன் யார், எவ்வளவு குடைந்தான் என்று தெரியாமல் தொடாதே. என்சிசியில் டிரில்லுக்குக் கொடுத்த ரைஃபிளில் டி.பி. என்று அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய், அதுவும் இந்தக் கணக்குத்தான். பார்க்க முழுத் துப்பாக்கி, சுடுவதற்கு இல்லை.

மெட்டுக்காரன் | புதன், மதியம் 1.30

பெரியவர் சொன்ன மாதிரி செய்தேன். மகளின் பயாலஜி லென்ஸ்தான் கிடைத்தது. 27இல் 9 தோட்டாவின் கழுத்தில் விரிசல். சும்மா பார்த்தால் தெரியவே இல்லை, சாய்த்து வெளிச்சம் பட்டால் பேனா நிப்பால் கீறின மாதிரி ஒரு கோடு, கழுத்திலிருந்து தோள் வரைக்கும். இன்னொன்றில் விரலால் தொட்டதும் குண்டு சுழன்றது. வேறு நாலில் கேப்பைச் சுற்றிப் பச்சை. யூரியா மூட்டை நேர் கீழேதான் இருக்கிறது, எட்டு மூட்டை.

.315இல் மீதி 13 நன்றாகவே இருக்கிறது. அதைப் போடலாம்தானே?

அருவங்காடு பென்ஷனர் | புதன், மதியம் 3.10

ஒரே டின், ஒரே பரண், ஒரே காற்று. பத்துக்கு மேல் கெட்டிருக்கும்போது மற்றதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். வெளியே விரிசல் தெரியாதது உள்ளே மருந்து நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை.

எஸ்டேட் மாமா | புதன், மாலை 4.00

யூரியாவுக்கு மேலே வைத்ததென்றால் நானும் போடமாட்டேன் மாப்பிள்ளை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

உத்தமபாளையம் வக்கீல் | புதன், மாலை 6.25

அந்த 13 .303 தோட்டாவை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். லைசென்ஸில் இல்லாத போரின் தோட்டாவை வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா வைத்தது என்பது பதிலாகாது. ஆற்றில் வீசவும் வேண்டாம், தோட்டத்தில் புதைக்கவும் வேண்டாம், பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டும் போகவேண்டாம். உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்து, பரணில் கண்டெடுத்தது, ஒப்படைக்க விரும்புகிறேன் என்று ஸ்டேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்கள் சொல்கிற மாதிரி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கெட்டுப்போன .315ஐயும் அதே கடிதத்தில் எண்ணிக்கை போட்டு எழுதுங்கள். காலிக்கூட்டில் வீட்டிலேயே மருந்து நிரப்பிப் பார்க்கலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். வேண்டாம் அய்யா.

மெட்டுக்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.00

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் மூலமாக எழுதிக் கொடுத்து 40ஐயும் ஒப்படைத்தாயிற்று. ஸ்டேஷனில் ஒருவர் 1943 என்பதைப் பார்த்துவிட்டு "இது நம்ம எல்லாரையும்விட மூத்ததாச்சே" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார்.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் காட்டினேன். .315க்கு உரிய கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸ் பார்த்தார், சரியாக இருக்கிறது. போல்ட் நம்பரும் உடம்பு நம்பரும் ஒன்றேதானா என்று முதலில் அதைத்தான் பார்த்தார். குழலில் மட்டும் பாதி வழியில் குழிகுழியாகத் துரு. பழைய கேப்பில் இருந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்ததாம். தாத்தா சுட்டுவிட்டு எண்ணெய்த் துணி மட்டும் விட்டிருப்பார், உப்பு எண்ணெயில் கரையாது என்றார்.

புதிதாக 10 தோட்டா, 244 கிரெயின் எடைக் குண்டு, ஈயமுனை, வாங்கினேன். கடைக்காரர் "கேட்டது .315தானே, த்ரீ நாட் த்ரீ இல்லையே" என்று கேட்டபோது ஹவில்தார் அய்யா ஞாபகம் வந்தது. ரைஃபிள் கிளப் ரேஞ்சில் அனுமதி வாங்கி நாலு சுட்டேன். காலிக்கூட்டுக்குள் வளைத்த குண்டூசியை விட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் ரிப்பேர்க்காரர், உள்ளே பள்ளம் தட்டினால் கூடு பிய்யப் போகிறது என்று அர்த்தமாம். நாலிலும் வழவழவென்று இருந்தது.

ஹவில்தார் அய்யா | ஞாயிறு, இரவு 8.20

நல்லது தம்பி. பழைய கேப் தோட்டா என்றைக்காவது சுட நேர்ந்தால் முதலில் கொதிக்கிற தண்ணீர், புனல் வைத்துக் குழல் முழுக்க ஊற்று. பிறகு புல்த்ரூவில் (குழலைத் துடைக்கும் கயிறு) சிந்தித் துணி கட்டி இழு, காய்ந்த பிறகு எண்ணெய். அறைக்குள் எண்ணெய் தங்கவிடாதே, சுடும்போது கூடு அறையைப் பிடிக்காமல் வழுக்கி போல்ட்டை இடிக்கும். பன்னி என்ன ஆயிற்று?

மெட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8.34

அதைக் கேட்காதீர்கள் அய்யா. உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியை நேற்றுத்தான் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன், ஆறு தோட்டாவும் சேர்த்து. பன்னி இன்றைக்குக் காலையில் சேனைக்கிழங்குக்கு வந்துவிட்டது.